மாடிஃபை செய்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3: அப்படியே விற்கலாமா, ஒரிஜினலுக்குத் திருப்பி விற்கலாமா?

வைகைக்கரை:
விளம்பரம் போடுவதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். வண்டி ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற இரண்டு சீட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1968 மாடல், 1296 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) உண்டு. போடி மலைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்ததை எங்கள் பெரியப்பா வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்தார், அவருக்குப் பிறகு என்னிடம் இருக்கிறது. இப்போது நரிமேட்டு வீடு பாகப்பிரிவினையில் கைமாறுகிறது, வண்டி நிற்கும் ஷெட்டும் அதோடு போகிறது. வாடகைக்கு ஷெட் பிடித்து வைத்திருக்கலாம்தான், ஆனால் ஓட்டாமல் பூட்டி வைப்பதைவிட ஓட்டுகிறவர் கையில் கொடுப்பது மேல் என்று முடிவு செய்துவிட்டேன்.

ரோட்டிலும் ஓடவேண்டும், கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்கிலும் இறங்கவேண்டும் என்றுதான் எல்லா வேலையும் நடந்தது. போல்ட் போட்ட ரோல் பார் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய்), பக்கெட் சீட் இரண்டு, நான்கு முனை பெல்ட், அலுமினியம் ரேடியேட்டரும் எலெக்ட்ரிக் ஃபேனும், ஆயில் கூலர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், நாலு குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பின் சக்கரம் உள்ளே மடங்குவதைக் குறைக்க கேம்பர் காம்பென்சேட்டர், கொஞ்சம் கெட்டியான முன் ஸ்பிரிங். ஃபெண்டர் எதையும் வெட்டவில்லை. ரோல் பாருக்காகத் தரையில் ஓட்டை போட்டது மட்டும் திரும்பாத வேலை. கழற்றிய ஒரிஜினல் சாமான் எல்லாம், பழைய மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், சீட், ஸ்பிரிங் வரை, மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்கு இன்ஜினும் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸும் மட்டும் போதுமாம், பாடியை வேறு யாருக்காவது தள்ளிவிடலாம் என்கிறார். இன்னொருவர் சேகரிப்பாளர், எல்லாவற்றையும் ஒரிஜினலுக்குத் திருப்பிக் கொடுத்தால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

நாகமலை:
பிரித்து விற்பதை முதலில் மறந்துவிடுங்கள் அண்ணே. உலகக் கணக்கில் ஸ்பிட்ஃபயர் அபூர்வம் இல்லை, 1962லிருந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் நல்ல வண்டியே சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கும். நம் ஊரில் கதை வேறு. இங்கே ஓடும் நிலையில், சரியான ஆர்.சி.யோடு ஒன்று இருந்தால் அதற்குத்தான் விலை. பிரித்தால் அந்த ஆர்.சி. வெறும் காகிதம்.

என் கருத்து, ஒரிஜினலுக்குத் திருப்புங்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் வண்டி அந்தத் தகுதிக்குக் கிட்டத்தில்தான் நிற்கிறது. மேனிஃபோல்டும் சீட்டும் மாற்றி, ரோல் பாரைக் கழற்றினால் போதும், சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள்.

சோழவரம்:
தம்பி நாகமலை சொல்வதில் ஒரு பாதியைத்தான் ஏற்கிறேன். வி.ஏ. நம்பர் வாங்கிவிட்டால் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, வேலைக்கு விட என்று அவ்வளவுதான் அனுமதி. ஓட்டுகிறவர் கையில் கொடுக்கவேண்டும் என்று வைகைக்கரை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார், அந்த வழியில் போனால் அது நடக்காது.

இந்த வண்டியின் ரத்தத்திலேயே ட்ராக் இருக்கிறது. 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1147 சிசி ஸ்பிட்ஃபயர்கள் 13, 14ஆம் இடத்தில் முடித்துத் தங்கள் வகுப்பை வென்றன. அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் சோழவரத்தில், அந்தப் பழைய யுத்தகால விமான ஓடுபாதையில், இதே குடும்பத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டுகள் ஃபியட்டுகளோடு மோதியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றைக்கு யாரும் ஒரிஜினல் என்ற பேச்சே எடுக்கவில்லை, வார நாளில் ஆபீசுக்கு ஓட்டிய காரின் பம்பரைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் விட்டார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகுதான் ரேஸ் கார் தனி, ரோடு கார் தனி என்று ஆனது. பெரியப்பாவும் நீங்களும் செய்த வேலை அந்தப் பழைய வழியிலான வேலை. அதைத் துடைத்துவிட்டு விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கப்பலூர் லேத்:
ஹெரால்டு என்று ஐயா சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன், வாங்குகிறவருக்கு இது முக்கியம். ஹெரால்டை வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961லிருந்து செய்தது. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் அடிப்படையில் பிறந்ததுதான், இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஸ்டியரிங் ராக், முன் விஷ்போன், டிஃபரன்ஷியல், இன்ஜின் குடும்பம் எல்லாம் ஒரே வழி. ஹெரால்டின் டிஃபரன்ஷியல் இதில் ஏறும், ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு 4.11, நம் ஹெரால்டுக்கு அதைவிடக் குட்டை ரேஷியோ, ஹைவேயில் இன்ஜின் கத்தும். ஹெரால்டு 948 சிசிதான், அதனால் பிஸ்டன், கிராங்க் என்று தேடிப் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளுக்குப் போய்ப் பயனில்லை. புஷ், பேரிங், சீல் மாதிரியான அளவு பார்த்துப் போடும் சாமானுக்கு நம் ஊரிலேயே வழி உண்டு.

விற்பதற்கு முன்னால் நீங்களே இரண்டு இடத்தைச் சோதித்து எழுதி வைத்துவிடுங்கள். முதலாவது கிராங்க் பிளே, அதாவது கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் அளவு. இந்த இன்ஜினில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது பின் மெயின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் அதில் விழுகிறது, சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர் கையில் சீக்கிரம் தேயும். தேய்ந்து கழன்று சம்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து உராயும், அதன் பிறகு அந்த பிளாக் எதற்கும் ஆகாது. ஒருவர் கிளட்சை மிதித்து விட, மற்றவர் முன்னால் புல்லியைப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் டயல் கேஜ் வைத்து அளங்கள். 0.1லிருந்து 0.2 மி.மீ. இருந்தால் நிம்மதி, 0.35ஐத் தாண்டினால் சம்பை இறக்கி வாஷர் மாற்றாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. இன்ஜினை இறக்கவேண்டியதில்லை, கீழே படுத்தே செய்யலாம்.

இரண்டாவது முன் ட்ரனியன், அதாவது முன் சக்கரம் திரும்புவதற்கான கீழ் மூட்டு. வெண்கலக் கட்டைக்குள் ஸ்டீல் மரை சுழலும், அதற்குள் போகவேண்டியது இ.பி. 90 ஆயில். நம் பட்டறைகளில் கிரீஸ் கன்னைப் பார்த்தால் கை தானாக அடித்துவிடும். கிரீஸ் அடியில் போகாது, தண்ணீர் தங்கும், மரையின் அடிப்பள்ளத்தில் துரு பிடித்து ஒரு நாள் திருப்பத்தில் முறியும், சக்கரம் மடங்கிவிடும். உங்கள் வண்டியில் எது போயிருக்கிறது?

வைகைக்கரை:
ஆயில்தான் அண்ணே. பெரியப்பாவுக்கு வேலை பார்த்த மேஸ்திரி அதற்கென்றே ஒரு கன்னைத் தனியாக வைத்து, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார், வேறு யாரும் அதில் கிரீஸ் நிரப்பிவிடக் கூடாது என்று. அந்தக் கன்னும் வண்டியோடு போகும். கிராங்க் பிளே இப்போதைய அளவு கையில் இல்லை, எடுத்துப் போடுகிறேன்.

ஹெட்டில் கடினமான வால்வ் சீட் போட்டிருக்கிறது, ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக. பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியாயிற்று. 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸை விட்டு வைப்பது ஆபத்து, உள்ளே ஊறி உப்பி, பிறகு வெடிப்பு விடும், அதுவும் இதில் கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது.

கோவை ட்ராக்:
ட்ராக் பக்கத்துக் கேள்வி. பின் சஸ்பென்ஷன் பழைய ஸ்விங் ஆக்ஸில்தானே? மார்க் 4ல், 1970க்குப் பிறகுதான், நடுவில் சுழலும் ஸ்பிரிங் வைத்து, பின் சக்கரம் உள்ளே மடங்கும் சிக்கலைக் குறைத்தார்கள். மார்க் 3ல் திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுற்றிவிடும். கேம்பர் காம்பென்சேட்டர் போட்டது நல்லது, ஆனால் அது மடங்குவதைத் தள்ளிப் போடுமே தவிர இல்லாமல் செய்யாது. கரியில் 2.1 கி.மீ. சுற்றுக்குள் அடுத்தடுத்து திருப்பம் வருகிறது, அங்கே இதைத் தெரிந்து ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி கையோடு வரும், தெரியாதவர் முதல் சுற்றிலேயே மண்ணில் இறங்குவார்.

அதனால் என் யோசனை, விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிதாகப் போடாமல் இதைப் போடுங்கள். நேரில் வருகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் அவரை ஓட்ட விடுங்கள். திருப்பத்துக்கு முன்னாலேயே பிரேக் முடித்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி திருப்பத்துக்குள் போகிறாரா என்று பாருங்கள்.

பெல்ட்டில் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. முத்திரை இருந்தால் அதில் காலாவதி வருஷம் அச்சடித்திருக்கும், அதையும் படம் எடுத்துப் போடுங்கள். தேதி தாண்டியிருந்தால் ட்ராக்கில் இறங்கும் முன் நடக்கும் சோதனையான ஸ்க்ரூட்டினியில் நிறுத்திவிடுவார்கள். கேட்ச் டேங்க் (வழியும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா), டோ ஹுக் (வண்டியை இழுக்கும் கொக்கி), பேட்டரி கட்டிய விதம், இவற்றின் படமும் வேண்டும்.

நாகமலை:
சட்டத்தை யாரும் தொடவில்லையே. சாதாரண ஆர்.சி.யிலேயே வைத்திருப்பதானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் மாறாக எதையும் மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. நாளை பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி.க்கு வண்டியைப் பார்க்கும்போது ரோல் பார் உள்ளே இருந்தால் வாங்கியவர் மாட்டுவார். நல்ல மனதோடு விற்றாலும் சிக்கல் அவர் தலையில்தான் விழும். இதற்கு ஐயா என்ன சொல்கிறார்?

சோழவரம்:
நியாயமான கேள்வி. மாற்றம் என்பதில் இரண்டு வகை உண்டு என்பதுதான் என் பதில். இன்ஜினையே வேறு போடுவது, சேஸியை வெட்டுவது, பாடியை அகலமாக்குவது, இவை திரும்பாதவை, ஆர்.சி.யோடும் ஒத்துப் போகாதவை. வைகைக்கரையின் வண்டியில் இன்ஜின் பிளாக் ஒரிஜினல்தான். மார்க் 3 என்றால் சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் எஃப்.டி. என்று தொடங்கும், இரண்டும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருந்தால் அடிப்படை சுத்தம். மீதி எல்லாம் ஸ்பானரால் கழலுகிற சாமான். எஃப்.சி.க்குப் போகும் முன் ரோல் பாரையும் பக்கெட் சீட்டையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டுப் பழைய சீட்டைப் போட்டுப் போகட்டும், ட்ராக்குக்குப் போகும்போது வண்டியை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டட்டும். ரோட்டில் ரோல் பாரோடு ஓட்டவே வேண்டாம் என்பேன், சட்டத்துக்காக மட்டும் இல்லை, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது தலைக்குப் பின்னால் இரும்புக் குழாய் இருப்பது தனி ஆபத்து.

நாகமலை:
இதை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் அந்த மரப்பெட்டிதான் விலையில் பாதி. அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். பெட்டி ஒருவரிடம், வண்டி ஒருவரிடம் என்று போய்விட்டால் இரண்டும் பாழ்.

சிறுமலை ரோடு:
வணக்கம், திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். முதலிலிருந்து படித்துக்கொண்டே வருகிறேன், வாங்கும் எண்ணம் உண்மையாகவே இருக்கிறது. ஹெரால்டு ஒன்று வைத்து ஓட்டுகிறேன், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் அதில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன், அதனால் ஸ்விங் ஆக்ஸில் எனக்குப் புதிதல்ல. கேட்பது மூன்று விஷயம். சில் பாக்ஸ் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு) எப்படி இருக்கிறது, ஹெரால்டில் சேஸி முழுதாகத் தாங்கும், இதில் சில் போனால் நடு தொங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆர்.சி. ஆன்லைனில் ஏறிவிட்டதா? விலை என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

வைகைக்கரை:
வாங்க தம்பி. சில் பற்றி நீங்கள் கேட்டது சரி. இதில் சேஸி நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒல்லியாக ஓடும், ஓரத்தின் பலம் முழுக்க சில்லில்தான். எஸ்டேட்டில் கிடந்தபோது இடது பக்கம் அரித்திருந்தது, அதைப் பெரியப்பா காலத்திலேயே வெட்டிப் புதுத் தகடு வைத்திருக்கிறார்கள். அப்போது கதவை மாட்டியபடியே, நடுவில் முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்தார்கள். கதவைக் கழற்றிவிட்டுச் செய்திருந்தால் அப்படியே வளைந்து போயிருக்கும். நேரில் வந்தால் கதவின் பின் ஓரத்தைப் பாருங்கள். மேலே இடைவெளி ஒடுங்கி கீழே விரிந்திருந்தால் நடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுனி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி உரசிக்கொண்டு போகும், வலது பக்கம் அடியில் மட்டும் ஒரு நூல் கூடுதல்.

ஆர்.சி. இன்னும் பழைய புத்தகம்தான், வாஹன் என்ற அரசு ஆன்லைன் பதிவேட்டில் ஏறவில்லை. விலை பதினைந்து லட்சத்துக்கு மேல் எதிர்பார்க்கிறேன். ஒரிஜினலாக்கிக் கொடுத்தால் சேகரிப்பாளர் இதைவிட அதிகம் தருவதாகச் சொன்னார் என்பதையும் மறைக்கவில்லை. ட்ராக்குக்குக் கொண்டு போகிறவர் என்றால் பேசிக் குறைக்கலாம்.

கப்பலூர் லேத்:
வாஹனில் ஏறாத புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் அட்வான்ஸ் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவை ஆன்லைனில் ஏற்றுவது) போட்டால்தான் பெயர் மாற்றமே நடக்கும். அந்தப் பதிவேட்டுப் பக்கம் செல்லரித்துப் போன கதைகளும் உண்டு, அதனால் இது முடிந்த பிறகு விலை பேசுவது இரண்டு பேருக்கும் நல்லது. வண்டி பெரியப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசு வழியில் முதலில் உங்கள் பெயருக்கு மாறவேண்டும், அதன் பிறகுதான் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றும் 29, 30 படிவம்.

அப்புறம் இன்னொன்று, புரோக்கர் யாராவது நடுவில் வந்து, 29லும் 30லும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன் என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வண்டி யார் கையில் ஓடுகிறது என்றே தெரியாமல் விபத்து வழக்கு வீட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் பெயர், தேதி, தொகை எல்லாம் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து.

சிறுமலை ரோடு:
பேக்லாக் முடியும்வரை காத்திருக்கிறேன், அவசரம் இல்லை. ஒரிஜினல் பெட்டியோடு, ரோல் பாரோடு, இப்போது இருக்கிறபடியே எனக்கு வேண்டும். எனக்கு வி.ஏ. நம்பர் வேண்டாம், ஓட்டத்தான் கேட்கிறேன். ஹெரால்டை விற்கப் போவதில்லை, சாமானுக்கு அது பக்கத்தில் இருந்தால் இரண்டு வண்டியும் நிற்காமல் ஓடும். ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் வந்து பார்க்கலாமா?

கோவை ட்ராக்:
பார்க்கப் போகும்போது அழகர்கோவில் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஓவர்டிரைவ் மூன்றிலும் நாலிலும் உடனே விழுகிறதா என்று பாருங்கள், தயங்கித் தயங்கி விழுந்தால் முதலில் ஆயில் அளவையும் சோலினாய்டையும் பார்க்கவேண்டும், எடுத்தவுடன் கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்லாதீர்கள். இன்ஜின் சூடானதும் 2000 ஆர்.பி.எம்.மில் ஆயில் பிரஷர் 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கக் கூடாது.

வைகைக்கரை:
ஞாயிறு வாருங்கள் தம்பி, ஏழு மணிக்கு முன்னால் வந்தால் ரோடு காலியாக இருக்கும். பெரியப்பா பெயரிலிருந்து மாற்ற வாரிசுச் சான்றிதழ் தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறேன். இன்ஜின் மட்டும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். சேகரிப்பாளரிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று, தம்பிக்கு ஒத்துவராவிட்டால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். பெட்டியில் இருக்கும் சாமான் பட்டியலும் பெல்ட் முத்திரைப் படமும் இன்று ராத்திரி போடுகிறேன். லேத் அண்ணே, டயல் கேஜ் ஒன்று அன்றைக்குக் கிடைக்குமா?

கப்பலூர் லேத்:
நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அளவு எடுக்கும்வரை செல்ஃப் அடிக்கவேண்டாம், இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்கவேண்டும்.